கஷாயம் வைக்கும் முன்: கை வைத்தியத்தைப் பாதுகாப்பாகத் தொடங்க ஒரு வழிகாட்டி

சளி பிடித்தால் சுக்கு, வயிறு உப்பினால் ஓமம், தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீர். தமிழ் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இவை தெரியும். படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் வந்து, முதல் முறையாக நாமே அடுப்பில் பாத்திரத்தை வைக்கும்போதுதான் கேள்விகள் வரும். எவ்வளவு போடுவது? எத்தனை நாள் குடிப்பது? ஏற்கெனவே போடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முகத்தைப் பார்த்தே "இது கஷாயத்துக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு இருப்பது வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பு. அதில் மூலிகையின் பெருமை முழுதாக இருக்கும். யார் குடிக்கக் கூடாது என்ற வரி மட்டும் இருக்காது.

அந்த விடுபட்ட வரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கஷாயமும் மருந்துதான். அதற்கும் அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, ஆகாத ஆள் உண்டு. இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு தொடங்கினால் கை வைத்தியம் நன்றாகவே கைகொடுக்கும்.

1. முதலில் நோயைப் பாருங்கள், மூலிகைக்குப் பிறகு வரலாம்

சாதாரணச் சளி, தொண்டைக் கரகரப்பு, லேசான இருமல், அஜீரணம், மலச்சிக்கல், ஒன்றிரண்டு நாள் வயிற்றுப்போக்கு, வேலைக் களைப்பால் வரும் உடம்புவலி. வீட்டில் பார்க்கக்கூடியவை ஏறக்குறைய இவ்வளவுதான்.

மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், வலிப்பு, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பாம்புக்கடி ஆகியவற்றுக்கு வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லை. 108-ஐ அழையுங்கள்.

இந்த வரிசையில் நெஞ்சுவலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் வலி என்றதும் "வாயுவா இருக்கும்" என்று சொல்லி ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், பன்னீர் சோடா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். மாரடைப்பில் அந்த அரை மணி நேரம்தான் இதயத் தசை சாகும் நேரம். நடுவயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள் யாருக்காவது நெஞ்சில் அழுத்தம், குப்பென்ற வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் உடனே ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுமுட்டலாகவும் வரலாம். ஈசிஜி பார்த்து, வாயுதான் என்று டாக்டர் சொன்னால் திரும்பி வந்து நிம்மதியாக ஓமத் தண்ணீர் குடிக்கலாம்.

காய்ச்சலுக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டினாலே மருத்துவமனைதான். பெரியவர்களுக்கு இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் வழங்கியது; அதிலிருந்து பலர் வீட்டில் அந்தப் பொடி இருக்கிறது. குடிக்கலாம். குடித்ததாலேயே டெங்கு பயம் தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓடுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆடாதோடையை நிறுத்தி வைத்துவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.

மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வரும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சியும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூச் புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றி நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று: கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி. ஹெபடைட்டிஸ் ஏ-வால் வந்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். பித்தப்பைக் கல் அடைப்பாலோ எலிக்காய்ச்சலாலோ வந்திருந்தால், காத்திருந்த நாள் ஒவ்வொன்றும் நஷ்டம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துக் காரணம் தெரிந்த பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லி பற்றி யோசியுங்கள்.

2. குடிக்கப்போவது யார்?

ஒரே கஷாயம் உங்களுக்கு நல்லது செய்து, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கெடுதல் செய்யலாம்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுவரை தேன் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கி, தசைகளைத் தளர வைத்து, மூச்சையே நிறுத்தக்கூடும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. வசம்பு சுட்டு நாக்கில் தடவுவது நம் பழைய பழக்கம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை வந்துவிட்டது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது இரண்டையும் நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வரும் நிமோனியா லேசில் தீராது. கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் கீழே தேய்க்காதீர்கள். கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். மாமியாரோ அம்மாவோ "நாங்கள் எல்லாம் இப்படித்தான் வளர்த்தோம்" என்பார்கள். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை, விளக்கெண்ணெய், அதிமதுரம், நிலவேம்பு வேண்டாம். முதல் இரண்டும் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியவை. காலை மசக்கைக்கு இஞ்சி எடுக்கலாம். காய்ந்த சுக்காகக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. கேரளத்தில் இலும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பிக் காயைச் சாறு பிழிந்து குடித்து, நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கே அது பழுதான சம்பவங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஊறுகாயில் ஒரு துண்டு சாப்பிட்டதாலா இப்படி என்று பயப்பட வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு டம்ளர் கணக்கில் குடித்ததால் வந்தது.

3. மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒரு பட்டியல் போடுங்கள்

வீட்டில் யார் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தினமும் வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று சேர்த்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தி மூலிகைக்கு மாறுவது இன்னும் ஆபத்து.

பிரஷர் உள்ளவர்கள் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ள இனிப்பாக இருக்கும், ஆனால் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போடுபவர்கள் பச்சைப் பூண்டு, இஞ்சிச் சாறு, மஞ்சள் கேப்சூல் போன்றவற்றைத் தினசரி மருந்தாக எடுக்க வேண்டாம். சாம்பாரில் விழும் பூண்டும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகை மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிப்புக்கு ஃபெனிடாயின் போடுபவர்களுக்குப் பலர் சொல்லாத ஒன்று: மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் அந்த மருந்து ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். ரசத்துக்குத் தடையில்லை, சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைத் தினமும் எடுப்பது வேறு கணக்கு.

தைராய்டு மாத்திரையோடு காபியோ இசப்கோலோ மூலிகை நீரோ சேர்க்காதீர்கள். இடைவெளி விடுங்கள்.

4. சரக்கு வாங்கும்போது

நாட்டு மருந்துக் கடையில் முழுச் சரக்காகக் கேளுங்கள். சுக்கு, மிளகு, கடுக்காய், அதிமதுரக் குச்சி எல்லாம் முழுசாக இருந்தால் கண்ணால் பார்த்து, கையில் உடைத்து, முகர்ந்து பார்க்கலாம். பூஞ்சை வாடை அடித்தாலோ வண்டு துளைத்திருந்தாலோ வாங்காதீர்கள். பொடியில் என்ன கலந்தாலும் தெரியாது. விரலி மஞ்சளைக் காயவைத்து அரைத்துக்கொள்வதில் இன்னொரு லாபம்: பளீர் நிறத்துக்காகச் சிலர் கலக்கும் ஈயக் குரோமேட்டிலிருந்து தப்பிக்கலாம். பட்டையிலும் கவனம் வேண்டும். தடிமனாக, ஒரே சுருளாக, உடைக்கக் கடினமாக இருப்பது கேசியா. அதிலுள்ள கூமரின் அளவு மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது. மெல்லிய ஏடுகள் பல சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. பிரியாணிக்கு எதுவானாலும் சரி. தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்கள் இலங்கைப் பட்டையைத் தேடி வாங்குங்கள்.

காட்டிலோ வேலியோரத்திலோ நீங்களே பறிக்கப்போகிறீர்கள் என்றால், செடியை நன்றாக அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். செங்காந்தள் நம் மாநில மலர்தான், அதன் கிழங்கோ உயிரைக் குடிக்கும். உண்ணும் கிழங்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. சீந்தில் விஷயத்திலும் இந்தக் குழப்பம் எழுந்தது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்காமல், வேறு வகைச் செடி கலந்திருக்கலாம் என்றது. யார் சொன்னது சரி என்றாலும் நமக்குப் பாடம் ஒன்றே: எந்தச் செடி என்று தெரியாமல் மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது.

டப்பாவில் வரும் சித்த மருந்தென்றால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். "சர்க்கரையை வேரோடு ஒழிக்கும்" என்று விளம்பரம் செய்தால் அங்கேயே விலகிவிடுங்கள். அப்படி விளம்பரப்படுத்துவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பெயரும் லேபிளும் இல்லாத பொட்டலப் பொடி மூட்டுவலியையோ ஆஸ்துமாவையோ ஒரே நாளில் மாயமாக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொடியோடு டாக்டரிடம் போங்கள். பஸ்பம், செந்தூரம் வகைகள் உலோகம், பாடாணம் என்னும் நச்சுத் தாது சார்ந்தவை. அவற்றைத் தகுதி பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நாள்வரை மட்டும்.

5. ஒரு சரக்கு, சின்ன அளவு, மூன்று நாள்

முதல் முறை எடுக்கும் எதையும் கால் பங்கு அளவில் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் நாலு மூலிகையைப் புதிதாகச் சேர்த்தால், அரிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது. தொடங்கும் அன்றே காலண்டரில் மூன்றாம் நாளை வட்டமிடுங்கள். அதற்குள் குறையவில்லையென்றால் மருத்துவர்.

எளிய சுக்குக் கஷாயம், ஒருவருக்கு: கட்டைவிரல் நுனியளவு சுக்கை எடுத்துக் கத்தியால் மேல்தோலைச் சுத்தமாகச் சீவுங்கள். "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்பது வைத்தியர்களின் வாக்கு. அதனால் சுக்கின் தோலைச் சீவுவார்கள், கடுக்காயின் கொட்டையை எறிவார்கள். மரபு வைத்தியம் எப்போதுமே இவ்வளவு கவனமாகத்தான் இருந்திருக்கிறது, அவசரம் நம்முடையது. சீவிய சுக்கை நசுக்கி, ஐந்தாறு மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு ஓமவல்லி இலையோ நாலைந்து துளசி இலையோ கழுவிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் சிறுதீயில் பாதியாக வற்ற விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு வேண்டாம். வடிகட்டி, விருப்பமிருந்தால் கொஞ்சம் கருப்பட்டி. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்ட பிறகு, மிளகைக் குறைத்துக் குடியுங்கள். நாளைக்கு இரண்டு வேளை போதும். அன்று வைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஆவி பிடிப்பதில் பலன் மூக்கடைப்பு இளகுவதுதான், கிருமி சாகாது. ஆபத்து, பாத்திரம் கவிழ்வதில். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அசையாத மேஜையில் வைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு உட்காருங்கள். மடியில் வைத்துக்கொள்வதும் எரியும் அடுப்பின் மேல் போர்வையோடு குனிவதும் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட நான் மனதார நம்பிப் பரிந்துரைப்பவை சில உண்டு. தொண்டை வலிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் இரவு இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல், ஆனால் முழு டம்ளர் தண்ணீரோடு, இல்லாவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்கவில்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவாகப் போடாதீர்கள். கூடினால் குழந்தைக்கு ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது 14 நாள் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மலத்தில் ரத்தம், கண் குழிதல், சிறுநீர் குறைதல் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம்.

6. வெறும் வயிற்றுச் சாறுகள்

காலை நடைக்குப் பிறகு பூங்கா வாசலில் விற்கும் பச்சைச் சாறுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காயாகச் சமைத்துத் தின்னும்போது நாலு துண்டோடு வயிறு நிறைந்துவிடும். சாறாகப் பிழிந்தால் ஒரு முழுக் காய் ஒரே மடக்கில் உள்ளே போகும்.

சுரைக்காய்ச் சாறுக்குக் கண்டிப்பான விதி உண்டு. சில காய்களில் குகர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு மிகுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கசந்த சாறைக் குடித்து 2010-ல் டெல்லியில் ஓர் அறிவியலாளர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து எச்சரித்தது. பிழியும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைத் தூக்கி எறியுங்கள். கசப்புதான் நல்லது என்ற நினைப்பு பாகற்காய்க்குச் சரி, சுரைக்காய்க்கு ஆகாது. குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் உடனே மருத்துவமனை.

சோற்றுக் கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, உள்ளிருக்கும் ஜெல்லை ஏழெட்டு முறை கழுவிய பிறகே எடுக்க வேண்டும். அந்தப் பால் கடும் பேதி மருந்து.

7. எப்போது நிறுத்துவது, யாரிடம் சொல்வது

உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, சிறுநீர் கருமஞ்சளாதல், கண் மஞ்சளித்தல், இயல்பில்லாத சோர்வு. இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். உதடோ முகமோ வீங்கி மூச்சு இழுத்தால் 108.

மரபு மருத்துவத்திலேயே தொடர விரும்பினால் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. யூடியூப்பில் பேசுபவர் உங்கள் நாக்கைப் பார்த்ததில்லை, உங்கள் மாத்திரைச் சீட்டைப் படித்ததில்லை.

ஆங்கில மருத்துவரிடம் போகும்போதும் என்ன குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை. அவரும் சம்பந்தமில்லாத பரிசோதனைகளை எழுதிக்கொண்டே போவார். எந்த நாளிலிருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கடைப் பொட்டலத்தையும் மிச்சச் சரக்கையும் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள். பெயர் மறந்திருந்தாலும் என்ன சரக்கு என்று கண்டுபிடிக்க அது உதவும்.